சூடான சர்க்கரைப் பாகும் பிள்ளைகளின் பாதுகாப்பும்: வீட்டுச் சமையலறை அறிவியல் சோதனைகளுக்கான வழிகாட்டி

சர்க்கரை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதைக் கரைக்கலாம், படிகமாக்கலாம், உருக்கலாம், நுரைக்கச் செய்யலாம். ஆகவே அறிவியலில் ஆர்வம் கொண்ட பிள்ளைகள் வீட்டில் முதலில் செய்து பார்க்க விரும்பும் சோதனைகள் பலவும் சர்க்கரையைக் கொண்டவையாக உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் சர்க்கரையையோ வெல்லத்தையோ அடுப்பில் ஏற்றிப் பாகாக்கும் சோதனைகள் அத்தகையன அல்ல. கொதிக்கும் நீரைவிட மிகுந்த வெப்பமும், தோலில் ஒட்டிக்கொள்ளும் தன்மையும் பாகுக்கு உண்டு. ஒரு கரண்டிப் பாகு சிந்தினாலும் ஒரு குழந்தையின் கைவிரல்கள் மடங்காமல் போகும் அளவுக்குத் தழும்பு உண்டாகக்கூடும்.

இப்பக்கம் பெற்றோர், தாத்தா பாட்டி உள்ளிட்ட பராமரிப்போர், தீக்காயமுற்ற பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வோர் ஆகியோருக்காக எழுதப்பட்டது. சோதனையைப் பாதுகாப்பாக நடத்தும் முறை, காயம் ஏற்பட்டால் முதல் 20 நிமிடங்களில் செய்ய வேண்டியவை, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள், குணமடையும் காலத்துப் பராமரிப்பு ஆகியவற்றை இதில் அறியலாம்.

இந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகின்றனர். குழந்தைகளுக்கு ஏற்படும் தீக்காயங்களில் பெரும்பங்கு வீட்டிலேயே, குறிப்பாகச் சமையலறையிலும் அதனைச் சுற்றியும் நிகழ்கிறது.

பாகு காய்ச்சுவது நம் பகுதிக்குப் புதிதன்று. அலங்காநல்லூர், வாடிப்பட்டி, சமயநல்லூர் சுற்றுவட்டாரம் கரும்பும் வெல்லமும் அறிந்த நிலம். கார்த்திகைத் தீபத்துக்குப் பொரி உருண்டை, தீபாவளிக்கு அதிரசம், மழைக்காலத்தில் கடலை மிட்டாய் என வெல்லப் பாகு ஆண்டு முழுவதும் அடுப்பில் ஏறுகிறது. பாகு இறக்கும் நேரத்தில் சிறுவர்களை அருகில் விடாத வழக்கத்தை வீட்டுப் பெரியவர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வந்துள்ளனர்.

இப்போது இரண்டு மாற்றங்கள் ஏற்பட்டுள்ளன. முதலாவது, பாகு காய்ச்சுவது பிள்ளைகளின் விளையாட்டாகவும் ஆகியிருக்கிறது. 2021 செப்டம்பரில் 'ஸ்க்விட் கேம்' என்னும் கொரியத் தொடர் வெளியானபின், அதில் காட்டப்பட்ட 'டல்கோனா' மிட்டாயைப் பல நாட்டுப் பிள்ளைகளும் வீட்டில் செய்து பார்த்தனர். உருக்கிய சர்க்கரையில் சமையல் சோடாவைக் கலந்து செய்யப்படும் மிட்டாய் அது. அதைச் செய்ய முயன்று தீக்காயமுற்ற பிள்ளைகள் சிகிச்சைக்கு வந்ததை அடுத்து, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள வெஸ்ட்மீட் குழந்தைகள் மருத்துவமனை பெற்றோருக்கு எச்சரிக்கை விடுத்தது. இரண்டாவது, பள்ளிகளில் செய்முறை வழி அறிவியல் கற்பது பெருகியுள்ளது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்களுக்காக 2022 நவம்பர் 28 அன்று தொடங்கப்பட்ட 'வானவில் மன்றம்' இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பள்ளியில் ஆசிரியர் கண்காணிப்பில் செய்ததை வீட்டில் தனியே தொடர்ந்து பார்க்கும் ஆவல் பிள்ளைகளுக்கு எழுவது இயல்பு, வரவேற்கத்தக்கதும் ஆகும். அந்த ஆவலைத் தடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பாதுகாப்பான வழி அமைத்துத் தருவதே நம் பொறுப்பு.

பாகு ஏன் வெந்நீரைவிடக் கொடியது?

*வெப்பநிலை.* நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. சர்க்கரைக் கரைசலில் இருந்து நீர் ஆவியாகி வெளியேறும்போது, எஞ்சும் கரைசலின் கொதிநிலை உயர்ந்துகொண்டே செல்கிறது. நாம் 'பதம்' என்று சொல்வது உண்மையில் இந்த வெப்பநிலையைத்தான்.

- கம்பிப் பதம்: ஏறத்தாழ 105 முதல் 112 டிகிரி
- நீரில் இட்டால் மென்மையாக உருளும் பதம்: ஏறத்தாழ 112 முதல் 116 டிகிரி
- கெட்டி உருண்டைப் பதம்: ஏறத்தாழ 121 முதல் 130 டிகிரி
- கண்ணாடிபோல் உடையும் பதம்: ஏறத்தாழ 146 முதல் 154 டிகிரி
- பொன்னிறமாகி மணம் மாறும் நிலை: 160 டிகிரிக்கு மேல்

*ஒட்டும் தன்மை.* வெந்நீர் உடலில் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு அவ்வாறு ஓடாது. பட்ட இடத்திலேயே பற்றிக்கொண்டு தன் வெப்பத்தைத் தோலுக்குள் செலுத்திக்கொண்டிருக்கும். வலி தாளாமல் குழந்தை மறு கையால் அதைத் துடைக்கும். அல்லது சுட்ட விரலை வாயில் வைக்கும். இதனால் காயம் மறு கைக்கும் உதட்டுக்கும் நாவுக்கும் பரவுகிறது.

*குழந்தையின் தோல்.* பெரியவர்களின் தோலைவிடக் குழந்தைகளின் தோல் மெல்லியது. அதே வெப்பம் குறைந்த நேரத்திலேயே ஆழமான காயத்தை உண்டாக்கும்.

*ஏமாற்றும் தோற்றம்.* நீர் கொதிக்கும்போது ஆவி எழுகிறது, சத்தம் கேட்கிறது. பாகு முற்ற முற்ற ஆவி குறைந்து, குமிழிகள் மெதுவாக எழுந்து அடங்கும். அடுப்பை அணைத்தபின் அது தேன்போல் அமைதியாகத் தோன்றும். மிகுந்த வெப்பத்தில் இருக்கும் நேரமும் அதுவே. தட்டில் ஊற்றிய பாகு மேலே ஆடை கட்டியபின்னும் உள்ளே பல நிமிடங்களுக்குச் சுடும் நிலையில் இருக்கும்.

எந்த வயதில் எதைச் செய்யலாம்?

- 5 வயதுக்குட்பட்டோர்: பாகு காய்ச்சும் நேரத்தில் சமையலறைக்குள் இருத்தல் கூடாது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பாகு கிளறுவதையும் தவிர்க்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மற்றொரு பெரியவர் இல்லாவிடில் சோதனையை வேறொரு நாளுக்குத் தள்ளி வையுங்கள்.
- 6 முதல் 8 வயது: வாசற்படிக்கு வெளியே நின்று பார்க்கலாம். சர்க்கரையை அளந்து தருதல், நேரம் குறித்தல் போன்றவற்றை அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பும் அடுப்பிலிருந்து விலகியும் செய்யலாம்.
- 9 முதல் 12 வயது: வெப்பநிலை, நிறமாற்றம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதலாம். கிளறுவதும் ஊற்றுவதும் பெரியவரின் பணி.
- 13 வயதுக்கு மேல்: பெரியவர் அருகில் நிற்க, கிளற அனுமதிக்கலாம். பாத்திரத்தை இறக்குவதையும் பாகை ஊற்றுவதையும் பெரியவரே செய்ய வேண்டும்.

வயதைக் காட்டிலும் சொல்வதைக் கேட்டு நிற்கும் பக்குவமே முக்கியம். உங்கள் பிள்ளையின் இயல்பை நீங்களே நன்கு அறிவீர்கள்.

சோதனைக்கு முன்

1. அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவைக் கோலமாவாலோ சுண்ணக்கட்டியாலோ கோடிட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் அக்கோட்டைத் தாண்டுதல் கூடாது.
2. தரையில் வைத்த அடுப்பிலோ விறகடுப்பிலோ இச்சோதனையைச் செய்ய வேண்டாம். தரையில் இருக்கும் பாத்திரம் தவழும் குழந்தையின் கைக்கும், ஓடி வரும் பிள்ளையின் காலுக்கும் எட்டும். உயரமான மேடையில் உறுதியாக அமர்ந்த அடுப்பையே பயன்படுத்துங்கள்.
3. அடி கனமான, ஆழமான, ஈரமற்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாகு அதில் கால் பங்குக்கு மேல் இருத்தல் கூடாது. கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.
4. நீண்ட மரக்கரண்டியைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் கரண்டியும் பிளாஸ்டிக் குவளையும் பாகின் வெப்பத்தில் இளகி உருமாறும். மைக்ரோவேவ் அடுப்பில் சர்க்கரையை உருக்குவதைப் பிள்ளைகளுக்கு அனுமதிக்க வேண்டாம்.
5. பாவாடை, துப்பட்டா, நைலான் உடை ஆகியவற்றைத் தவிர்த்து, உடலோடு பொருந்தும் பருத்தி உடை அணிவியுங்கள். தலைமுடியைக் கட்டிவிடுங்கள்.
6. நம் வீடுகளில் சமையலறைக்குள் வெறுங்காலுடன் நிற்பதே வழக்கம். சிந்தும் பாகு முதலில் விழுவது பாதத்தின் மேல்தான். இச்சோதனைக்காக மட்டும் மேற்புறம் மூடிய காலணி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.
7. ஒரு வாளி குளிர்ந்த சுத்தமான நீரும் ஒரு சொம்பும் தயாராக இருக்கட்டும்.

சோதனையின்போது

- பாகு அடுப்பில் இருக்கும்வரை அகலாதீர்கள். அழைப்பு மணி, கைபேசி எதுவாயினும் முதலில் அடுப்பை அணையுங்கள்.
- பதம் பார்ப்பதற்கு விரலைப் பயன்படுத்த வேண்டாம். குளிர்ந்த நீர் நிறைந்த கிண்ணத்தில் கரண்டியால் ஒரு சொட்டு விட்டு, அது முற்றிலும் ஆறியபின் எடுத்துப் பாருங்கள். அனுபவமிக்க பெரியவர்கள் விரலால் பதம் பார்ப்பதைக் கண்டு பிள்ளைகள் அதையே செய்வர்.
- முற்றிய பாகில் நீர் விட வேண்டாம். 150 டிகிரி வெப்பத்தில் நீர் நொடியில் ஆவியாகிப் பாகைச் சிதறடிக்கும். ஒட்டிய பாத்திரத்தைக் கழுவ வேண்டுமாயின் முழுவதும் ஆறியபின் நீர் ஊற்றி ஊற வையுங்கள்.
- சமையல் சோடா சேர்க்கும் சோதனையில், வெப்பத்தால் சோடா சிதைந்து கரியமில வாயுவை வெளியிடும். பாகு பல மடங்கு பொங்கும். அடுப்பை அணைத்தபின், கால் தேக்கரண்டிக்கு மிகாமல், பெரியவர் மட்டுமே சோடாவைச் சேர்க்க வேண்டும். அந்நேரத்தில் பாத்திரத்தின் மேல் குனிந்து பார்த்தல் கூடாது.
- தட்டில் ஊற்றிய பாகைக் குறைந்தது 30 நிமிடங்களுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.
- சர்க்கரையும் சோடாவும் கலந்து எரிபொருள் ஊற்றித் தீ மூட்டும் 'கரும்பாம்பு' சோதனையை வீட்டில் எந்நிலையிலும் செய்தல் கூடாது.

அடுப்பு தேவைப்படாத சர்க்கரைச் சோதனைகள்

பிள்ளைகள் முழுவதையும் தாமே செய்யத்தக்க சோதனைகளும் உள்ளன.

- வண்ண அடுக்குகள்: நான்கு குவளைகளில் சம அளவு நீர் எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கரண்டி எனச் சர்க்கரை கரைத்து, வெவ்வேறு உணவு வண்ணம் சேர்க்கவும். மிகுந்த சர்க்கரை உள்ளதிலிருந்து தொடங்கி ஒரு கண்ணாடிக் குவளையில் மெதுவாக ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினால், அடர்த்தி வேறுபாட்டால் வண்ணங்கள் அடுக்காக நிற்கும்.
- கரையும் வேகம்: சர்க்கரைத் தூள், சாதாரணச் சர்க்கரை, கற்கண்டு ஆகியவற்றைச் சம எடையில் எடுத்து, எது முதலில் கரைகிறது என நேரம் குறிக்கலாம்.
- படிகம் வளர்த்தல்: பெரியவர் சூடான நீரில் சர்க்கரையைக் கரைத்து, முற்றிலும் ஆறியபின் தரும் கரைசலில் நூலைத் தொங்கவிட்டால் சில நாட்களில் கற்கண்டு படியும்.

காயம் ஏற்பட்டால்: முதல் 20 நிமிடங்கள்

சமயநல்லூரிலிருந்து மதுரை நகரம் சுமார் 12 கிலோமீட்டர். காயமுற்ற குழந்தையை அள்ளிக்கொண்டு உடனே வண்டியில் ஏறுவதே பெற்றோரின் இயல்பான உந்துதல். ஆயினும் காயத்தின் ஆழத்தைக் குறைக்கும் முதல் சிகிச்சை நீர்தான். அது உங்கள் வீட்டிலேயே உள்ளது. முதலில் நீர், பிறகு பயணம்.

1. அடுப்பை அணைத்து, குழந்தையை அங்கிருந்து விலக்குங்கள்.
2. காயத்தின் மேல் குளிர்ந்த, சுத்தமான நீரை தொடர்ந்து 20 நிமிடங்கள் ஓட விடுங்கள். குழாய் இல்லையெனில் சொம்பால் ஊற்றிக்கொண்டே இருங்கள். உடனே செய்ய இயலாமற்போனாலும், காயம் ஏற்பட்ட 3 மணி நேரத்துக்குள் இவ்வாறு குளிர்விப்பது பயனளிக்கும்.
3. நீரை முதலில் உங்கள் கையில் விட்டுப் பாருங்கள். கோடைப் பகலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீர் சுடுநீராகவே இருக்கும். அத்தகைய நேரத்தில் குடத்து நீரையோ மண்பானை நீரையோ பயன்படுத்துங்கள்.
4. ஒட்டிய பாகைப் பிய்க்க வேண்டாம். பிய்த்தால் தோலும் உடன் வரும். சர்க்கரை நீரில் கரையக்கூடியது. ஓடும் நீர் காயத்தைக் குளிர்விப்பதோடு பாகையும் இளக்கிக் கரைக்கும்.
5. வீக்கம் தொடங்குமுன் வளையல், மோதிரம், கொலுசு, இடுப்புக் கயிறு ஆகியவற்றைக் கழற்றுங்கள். பாகு ஊறிய உடையை நீர் ஊற்றிக்கொண்டே அகற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் அப்படியே விட்டு, சுற்றிலும் கத்தரித்து எடுங்கள்.
6. காயத்தைக் குளிர்வியுங்கள், குழந்தையைக் குளிர விடாதீர்கள். உடலின் பிற பகுதியைப் போர்வையால் மூடுங்கள். கைக்குழந்தைகளுக்கு இது மிகவும் அவசியம். குழந்தை நடுங்கினாலோ சோர்ந்தாலோ நீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.
7. பிறகு காயத்தைச் சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள்.
8. காயம் பெரிதாயின், ஒருவர் நீர் ஊற்றிக்கொண்டிருக்க மற்றொருவர் 108 ஐ அழைக்கட்டும்.

செய்யக்கூடாதவை: பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, மஞ்சள், இட்லி மாவு, முட்டை வெள்ளைக்கரு, தேங்காய் எண்ணெய், வெண்ணெய் ஆகிய எதையும் காயத்தில் இட வேண்டாம். இவை வெப்பத்தைத் தோலுக்குள் தேக்கலாம். கிருமித் தொற்றுக்கு வழி வகுக்கலாம். காயத்தின் ஆழத்தை மருத்துவர் கண்டறியவும் தடையாகும். கொப்புளங்களை உடைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் மாத்திரை தர வேண்டாம்.

எப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

குழந்தையின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கைப் பரப்பு, அக்குழந்தையின் உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு ஆகும். காயத்தின் அளவை இதைக்கொண்டு மதிப்பிடலாம். கீழ்க்காணும் நிலைகளில் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்:

- குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம்
- முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் எந்த அளவிலான காயமும்
- விரல், கை, கால் ஆகியவற்றைச் சுற்றி வளைத்த காயம்
- வெண்மையாகவோ கருமையாகவோ தோன்றும் காயம். தொட்டால் வலி உணராத காயம்
- வாய்க்குள் அல்லது கண்ணில் பாகு பட்டிருத்தல்
- 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொப்புளத்துடன் ஏற்பட்ட காயம்

வலி இல்லாதிருப்பது நல்ல அறிகுறி என எண்ண வேண்டாம். ஆழமான காயத்தில் நரம்பு முனைகள் அழிந்துவிடுவதால் வலி குறைவாக இருக்கும்.

சிறு காயங்களுக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். கடுமையான காயங்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். காயம் ஏற்பட்ட நேரம், எவ்வளவு நேரம் நீர் ஊற்றினீர்கள், குழந்தையின் எடை, தடுப்பூசி விவரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள்; தடுப்பூசி அட்டையை உடன் எடுத்துச் செல்லுங்கள். பெரிய காயமாயின் மருத்துவர் பார்க்கும்வரை உணவு கொடுக்க வேண்டாம்.

குணமடையும் காலத்தில்

மேலோட்டமான காயங்கள் பொதுவாக 2 வாரங்களுக்குள் ஆறும். 3 வாரங்கள் கடந்தும் ஆறாத காயங்கள் தடித்த தழும்பாக மாறும் வாய்ப்பு மிகுதி. அவற்றுக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

- கட்டை மருத்துவர் சொன்ன நாளில் மாற்றுங்கள்; நனைய விடாதீர்கள்.
- காய்ச்சல், துர்நாற்றம், சீழ், பரவும் சிவப்பு ஆகியவை தொற்றின் அடையாளங்கள். காயம் சிறிதாக இருப்பினும், அடுத்த சில நாட்களில் காய்ச்சலுடன் உடலில் தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகுந்த சோர்வு தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
- கைவிரல் காயங்களில், வலிக்கிறது என்பதற்காகக் குழந்தை விரலை மடக்கியே வைத்திருக்கும். அந்நிலையிலேயே ஆறினால் விரல் நிமிராது. இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளை நாள் தவறாமல் செய்விக்க வேண்டும்.
- தழும்பு முதிர்ந்து மென்மையாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அழுத்த உடை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் அணிவியுங்கள். ஆறிய தோலை வெயில் படாமல் காத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*குழந்தை தண்ணீரில் கையை வைக்க மறுத்து அழுகிறது. என்ன செய்வது?*
மடியில் அமர்த்தி அணைத்துக்கொண்டு நீரை மெல்ல ஊற்றுங்கள். இடையில் சில நொடிகள் நிறுத்தினாலும் பரவாயில்லை; மொத்தத்தில் 20 நிமிடங்கள் நிறைவு பெற வேண்டும். நீர் வலியையும் குறைக்கும் என்பதால் சிறிது நேரத்தில் குழந்தை அமைதியடையும்.

*எங்கள் தெருவில் தண்ணீர் மாற்று நாளில்தான் வருகிறது. 20 நிமிடம் ஊற்ற நீர் போதுமா?*
சொம்பிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினால் இரண்டு குடம் நீரே பெரும்பாலும் போதும். கீழே அகன்ற பாத்திரம் வைத்து வீணாகாமல் பிடித்து வேறு பணிகளுக்குப் பயன்படுத்தலாம். அதுவும் இயலாவிடில் நனைத்த சுத்தமான துணியை இட்டு, அது சூடேறுமுன் மாற்றிக்கொண்டே இருங்கள்.

*நான் அருகில் இருந்தும் இது நடந்துவிட்டது. என் தவறுதானே?*
பாகு சிந்த ஒரு நொடி போதும். காயமுற்ற குழந்தை, தான் திட்டு வாங்குவோம் என அஞ்சிக் காயத்தை மறைப்பதும் உண்டு. குற்றம் காணும் பேச்சைத் தவிர்த்து, 'உடனே சொன்னது நல்லது' என்று குழந்தையிடம் சொல்லுங்கள். குழந்தைக்கோ உங்களுக்கோ உறக்கமின்மை, அச்சம் ஆகியவை நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அதற்கும் உதவி உண்டு.

நினைவில் கொள்க

- பாகு காய்ச்சுவதும் ஊற்றுவதும் பெரியவர் பணி. அளப்பதும் பார்ப்பதும் எழுதுவதும் பிள்ளைகள் பணி.
- காயத்துக்கு முதல் மருந்து 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீர்.
- ஒட்டிய பாகைப் பிய்க்க வேண்டாம். எதையும் பூச வேண்டாம்.
- அவசர ஊர்தி: 108. மருத்துவ ஆலோசனை: 104.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான வழிகாட்டுதல்கள். உங்கள் குழந்தையின் நிலைக்கு ஏற்ற சிகிச்சையை மருத்துவரிடம் நேரில் கேட்டறியுங்கள்.